குழாய்ச் சத்தம் குறித்து ஆராயப்பட்டது

என் வீட்டுக்காரரை எங்கள் கட்டடத்தில் எல்லோரும் இஸ்திரி என்றுதான் சொல்வார்கள். அவர் துணி தேய்ப்பவர் அல்ல. பேருந்து நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் இருபத்தெட்டு வருடமாகப் பதில் கடிதம் எழுதுகிறவர். ஓட்டுநர் நிறுத்தத்தில் நிறுத்தவில்லை, நடத்துநர் வாய்க்கு வந்தபடி பேசினார், இருக்கையில் நீட்டியிருந்த ஆணி புதுச் சட்டையைக் கிழித்துவிட்டது என்று ஜனங்கள் கொதித்துப்போய் எழுதுவார்கள். இவர், "தங்கள் மேலான கருத்து உரிய கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று ஒரு வரி தட்டி அனுப்புவார். எவ்வளவு கசங்கிய விஷயமும் இவர் கையில் போய் வந்தால் மழமழவென்று ஆகிவிடும். அதனால் இஸ்திரி.

வீட்டிலும் அதே கைதான். கல்யாணமான புதிதில் ஒரு நாள் கோபத்தில் நான் டம்ளரைச் சுவரில் விட்டெறிந்தேன். அந்த நேரம் பார்த்து என் அம்மா போன் செய்து என்ன சத்தம் என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல அத்தை, பேசிக்கிட்டிருந்தோம்" என்றார். அவர் கணக்குப்படி இருபத்தாறு வருடத்தில் நாங்கள் ஒரு முறைகூடச் சண்டை போட்டதில்லை. என் கணக்குப்படி இரண்டு நாளைக்கு ஒன்று. இப்படி ஒரு மனிதரோடு சண்டை போட்டு ஜெயிக்கவே முடியாது. நம் பக்கம் நியாயம் இருந்தது என்பதற்குக்கூடச் சாட்சி இருக்காது.

எட்டு மாடி, மாடிக்கு நாலு வீடு. முப்பத்திரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு சங்கம். தலைவர் ஐந்தாம் மாடிப் பல் டாக்டர். பகலெல்லாம் வாயைத் திறந்தும் பேச முடியாதவர்களோடு இருந்து பழகியவர். கூட்டத்தில் பேச முடிந்தவர்கள் முப்பது பேரை ஒன்றாகப் பார்த்தால் அவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. கூட்டக் குறிப்பு எழுத நல்ல கையெழுத்துள்ள ஆள் வேண்டுமென்று பதினோரு வருடத்துக்கு முன்னால் இவரைப் பிடித்துப் போட்டார்கள். இவரும் அன்றிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறார். கெட்டி அட்டை போட்ட ஐந்து நோட்டுகள்.

கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம் நடக்கும். கரண்டை மிச்சம் பிடிக்க, ஆள் நடந்தால் மட்டும் எரிகிற விளக்கைப் படிக்கட்டில் போடுவதா என்று ஒரு முறை பேச்சு வந்தது. "என் மாமியார் இருட்டுல விழுந்து செத்துட்டா, உங்க பூமியைக் காப்பாத்தி நான் என்ன பண்றது?" என்று மூன்றாம் மாடிப் பெண் கேட்டாள். "விழமாட்டாங்களான்னு தினமும் வேண்டிக்கிறதே நீங்கதானே" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதற்குப் பிறகு அரை மணி நேரம் யார் என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாற்காலிக்குக் கால் போனது. இவர் எழுதியது: "மூத்த உறுப்பினர்களின் பாதுகாப்பு பல கோணங்களில் விவாதிக்கப்பட்டது. உறுப்பினர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்."

கூட்டத்தில் டீயைக் காகிதக் கப்பில் கொடுப்பதா, அவரவர் டம்ளரைக் கொண்டுவருவதா என்று நாலு கூட்டம் நடந்தது. அந்த நாலிலும் யாருக்கும் டீ கிடைக்கவில்லை. "பல மாற்று வழிகள் நிதானமாகப் பரிசீலிக்கப்பட்டன" என்று நோட்டில் இருக்கிறது. ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் இவர் போன கூட்டத்தின் குறிப்பைப் படிப்பார். திருத்தம் உண்டா என்று பல் டாக்டர் கேட்பார். நாம் இவ்வளவு நல்லவர்களா என்று எல்லோரும் மகிழ்ந்துபோய் இல்லை என்பார்கள்.

எழுதி முடித்துவிட்டால், என் வீட்டுக்காரரைப் பொறுத்தவரை அந்த விஷயம் நடந்து முடிந்த மாதிரி. பிறகு அது ஞாபகத்தில் இருக்காது. இதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

இனி குழாய். எங்கள் கட்டடத்தில் மாடிக்கு மாடி, படிக்கட்டு ஓரமாகச் சுவரில் ஓர் இரும்பு மூடி இருந்தது. திறந்து குப்பையைப் போட்டால், பெரிய குழாய் வழியாகத் தரைத்தளத்தில் ஒரு சின்ன அறையிலிருக்கும் தொட்டியில் போய் விழும். காய்கறித் தோல், பழைய பேட்டரி, உடைந்த கண்ணாடி, குழந்தையின் டயப்பர் எல்லாம் ஒரே வழி. மூடியை மூடினால் நம் வேலை முடிந்தது. கீழே ஒரு பெண் வந்து அள்ளிப் போவார். கீழ்ரூம் அம்மா என்போம். ஒன்பது வருடமாக வருகிறவர். அவரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இந்தக் குழாயில் ஒரு கோளாறு இருந்தது. காலை ஏழு மணிவாக்கில் டங், டங், டங் என்று மூன்று சத்தம் வரும், கொஞ்சம் விட்டு மறுபடியும் மூன்று வரும். எங்கள் எட்டாம் மாடியில் நன்றாகக் கேட்கும். பிளம்பரைக் கூப்பிட்டோம். மூடியில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "உள்ள காத்து அடைச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு நாள் சத்தம் வந்த நேரத்தில் தற்செயலாக நான் ஒரு கனமான பாட்டிலைப் போட்டேன். சத்தம் டக்கென்று நின்றது. மறுநாளும் போட்டுப் பார்த்தேன். நின்றது. கூட்டத்தில் எழுந்து சொன்னேன். கனமாக எதையாவது போட்டால் காற்று கலைந்துவிடுகிறது, செய்து பாருங்கள் என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். பொது இடத்தில் நான் கைதட்டு வாங்கியது என் ஆயுளில் அந்த ஒரு முறைதான்.

அதுவும் நோட்டில் ஏறியது: "குழாய்ச் சத்தம் குறித்து ஆராயப்பட்டது. சத்தம் எழும்போது சற்று எடையுள்ள பொருளைப் போடலாம் என்ற உறுப்பினரின் யோசனை பயனுள்ளதாக அமைந்துள்ளது." அதற்கப்புறம் நான் காலி பாட்டில்களைத் தண்ணீர் நிரப்பி, மூடி போட்டு, சமையலறை ஓரமாக வரிசையாக வைத்திருப்பேன். சிரத்தைதான்.

போன வருடம் நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அடுத்த வருடத்திலிருந்து ஈரக் குப்பை, உலர் குப்பை, ஆபத்தான குப்பை மூன்றையும் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். குழாய் உள்ள கட்டடங்கள் அதை மூடுவதா, வேறு வழி செய்வதா என்று தங்களுக்குள் பேசி முடிவெடுத்து, பழைய கூட்டக் குறிப்புகளோடு அனுப்ப வேண்டும். ஐந்து நோட்டையும் அனுப்பினோம்.

பத்து நாளில் நகராட்சியின் சுற்றுச்சூழல் பிரிவு அதிகாரி பல் டாக்டருக்குப் போன் செய்தார். அந்த அம்மாள் அழாத குறையாகப் பேசினாராம். மற்ற கட்டடங்களில் குப்பையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் போலீஸ் வரைக்கும் போகிறது, உங்கள் கட்டடத்தில் பதினோரு வருடமாக இவ்வளவு பக்குவமாக விவாதம் நடந்திருக்கிறதே, இது ஊருக்கே முன்மாதிரி, உங்கள் அடுத்த கூட்டத்தை நான் நேரில் பார்க்க வேண்டும், கற்றுக்கொள்வதற்காக வேறு இரண்டு கட்டடத்துச் செயலாளர்களையும் அழைத்து வருகிறேன் என்றாராம்.

பல் டாக்டர் லிப்டுக்குக்கூட நிற்காமல் மூன்று மாடி ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். "இஸ்திரி, மாட்டிக்கிட்டோம்" என்றார்.

"என்ன டாக்டர்?"

"நீங்க எழுதின மாதிரி ஒரு கூட்டம் நடத்தணுமாம்."

இவர் பேனாவைத் தேடி எடுத்தார். பிறகு, "அப்ப முன்னாடியே எழுதிட்டா போச்சு" என்றார்.

அப்படித்தான் நடக்காத கூட்டத்துக்குக் குறிப்பு எழுதினார். எட்டுப் பக்கம். யார் எப்போது எழுந்திருக்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும், யார் தலையை ஆட்ட வேண்டும் என்று எல்லாம் இருந்தது. முடிவில் குழாயை மூடுவதென்று ஏகமனதாகத் தீர்மானம். எனக்கு ஒரே ஒரு வசனம்: "இது நடைமுறைக்கு உகந்த யோசனை." சனிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை. ஆறாம் மாடியில் ஒரு டிரைவிங் மாஸ்டர் இருக்கிறார், இரண்டு முழங்காலும் தேய்ந்தவர். அவருடைய துண்டுத்தாளில், "என் மூட்டுவலி தனிப்பட்ட சிரமம், பொதுநலன் கருதிப் பொறுத்துக்கொள்கிறேன்" என்று இருந்தது.

"இதை நான் எப்ப சொன்னேன்?" என்று கேட்டார்.

"இன்னும் சொல்லலை மாஸ்டர். நாளைக்குச் சொல்லுவீங்க" என்றார் இவர்.

"எனக்கு அந்த எண்ணமே இல்லையே."

"எண்ணம் வேணாம். எழுந்து நின்னா போதும்" என்றார் பல் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை காலை, எட்டுப் பக்கத்தில் ஓர் இடம் மட்டும் காலியாக இருப்பதை இவர் பார்த்தார். கீழறையில் மூன்று தொட்டி வைக்க இடம் இருக்கிறதா, அகலம் எத்தனை அடி? அளவு டேப்பை எடுத்துக்கொண்டு கீழே போனார். பதினோரு வருடத்தில் அவர் அந்த அறைக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. நானும் நுழைந்ததில்லை. யாருமே நுழைந்ததில்லை.

நான் மேலே சமையலறையில் இருந்தேன். ஏழு மணிக்கு டங், டங், டங். வரிசையில் முதலாவதாக இருந்தது அவருடைய இருமல் மருந்துப் பாட்டில். படிக்கட்டுக்குப் போய்க் குழாய் மூடியைத் திறந்து போட்டேன். சத்தம் நின்றது.

கால் மணி நேரம் கழித்து அவர் வந்தார். சட்டையில் தண்ணீர் தெறித்திருந்தது. கையில் அந்தப் பாட்டிலின் கழுத்து, மூடியோடு. மேஜைமேல் வைத்தார்.

"உன்னோடதா?"

"உங்களோடது. காலி ஆயிடுச்சுன்னு நீங்கதானே நேத்து சொன்னீங்க?"

அவர் உட்கார்ந்தார். நகராட்சியிலிருந்து திரும்பி வந்திருந்த நோட்டுகளை இழுத்துப் புரட்ட ஆரம்பித்தார். காபி ஆறிப்போனது. என்ன ஆயிற்று என்று கேட்டேன், புரட்டிக்கொண்டே சொன்னார்.

கீழ்ரூம் அம்மா அவரை உள்ளே விடவில்லையாம். "தள்ளி நில்லுங்க சார், தட்டிட்டுப் போகலாம்" என்று சொல்லி, கையிலிருந்த இரும்புக் கொக்கியால் குழாயில் மூன்று தட்டு தட்டினாராம். எதற்கு என்று இவர் கேட்டிருக்கிறார். "நான் உள்ள போறேன், போடாதீங்கன்னு அர்த்தம். வேலைக்கு வந்த மொத மாசமே உங்ககிட்டதானே சார் சொன்னேன்? நீங்க எழுதிக்கிட்டீங்களே."

அதற்குள் பாட்டில் வந்து விழுந்திருக்கிறது. கீழ்ரூம் அம்மா அசரவே இல்லையாம். "பதில் வந்துடுச்சு. இனிமே போகலாம்" என்றாராம்.

"பதிலா?"

"ஆமா சார். பதில் வர்ற வரைக்கும் தட்டுவேன், மேலேருந்து கனமா ஒண்ணு போடுவாங்க. கேட்டுருச்சு, இதுதான் கடைசி, இனி போடமாட்டோம்னு சொல்றாங்கன்னு உள்ள போயிடுவேன். ஒரு தடவை மட்டும் ரெண்டு பேர் பதில் சொல்லிட்டாங்க." அப்படிச் சொல்லி இடது தோளைக் காட்டினாராம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் தோளில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தது எனக்கு ஞாபகம் இருந்தது. எங்கேயோ விழுந்துவிட்டார் போலிருக்கிறது என்று லிப்டில் பேசிக்கொண்டோம். யாரும் கேட்கவில்லை.

இவர் முதல் நோட்டில் ஒரு பக்கத்தைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார். "பணி நேரம் தொடர்பாகத் துப்புரவுப் பணியாளர் தெரிவித்த யோசனை கவனத்தில் கொள்ளப்பட்டது." நாலு பக்கம் தள்ளி, குழாய்ச் சத்தம். அடுத்த பக்கத்தில் என் யோசனை, பயனுள்ளது என்ற பாராட்டோடு. எல்லாம் ஒரே மையில், ஒரே அழகான கையெழுத்தில். எனக்குக் கைதட்டிய சத்தம் காதில் கேட்டது. சமையலறைக்குப் போய் மீதிப் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து தண்ணீரைக் கொட்டினேன். ஏழு இருந்தன.

நாலு மணிக்குக் கூட்டம். அதிகாரியம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் இரண்டு செயலாளர்கள், மடியில் நோட்டு, கையில் பேனா. முப்பது பேரும் சலவை செய்த முகத்தோடு உட்கார்ந்திருந்தோம். கீழ்ரூம் அம்மா லிப்ட் பக்கத்தில் நின்றிருந்தார். இவர்தான் வரச் சொல்லியிருந்தார். பல் டாக்டருக்குத் தெரியாது.

இவர் போன கூட்டத்தின் குறிப்பைப் படித்தார். "திருத்தம் ஏதாவது உண்டா?" என்று பல் டாக்டர் வழக்கம்போலக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த தாளை எடுத்தார்.

"இருக்கு" என்றார் இவர்.

"எது?"

"திருத்தம். எட்டரை வருஷத்துக்கு முந்தினது."

பல் டாக்டர் எட்டுப் பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். அதில் அப்படி எதுவும் இல்லை. இவர் முதல் நோட்டைத் திறந்து, சம்பளப் பட்டியல் வாசிக்கிற குரலில் வாசித்தார். "குழாய்ச் சத்தம் குறித்து ஆராயப்பட்டது என்று இருக்கு. ஆராயலை. அது சத்தமும் இல்லை. கீழே ஆள் இருக்காங்கன்னு இந்த அம்மா தட்டினது. என்கிட்ட சொன்னாங்க. நான் அதை யோசனைன்னு எழுதினேன். எடையுள்ள பொருளைப் போடலாம்னு இருக்கு. அது அவங்க மேல போடலாம்னு திருத்தப்படணும்."

செயலாளர்களில் ஒருவர் மட்டும் எழுதிக்கொண்டிருந்தார். கற்றுக்கொள்ள வந்தவர் அல்லவா.

நான் எழுந்தேன். என் வசனம் அது இல்லை. "அந்த யோசனை சொன்னது நான்தான்" என்றேன். கீழ்ரூம் அம்மாவைப் பார்த்து, "உங்க தோள்ல விழுந்த பாட்டில்கூட நான் போட்டதா இருக்கும்" என்றேன். அழுதுவிட்டேன்.

அவர் லிப்ட் பக்கத்திலிருந்து ஓர் எட்டு முன்னால் வந்தார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "மொதல்ல வந்ததாம்மா, ரெண்டாவதா வந்ததா?"

எனக்குத் தெரியவில்லை. முப்பத்திரண்டு வீட்டிலும் யாருக்கும் தெரியவில்லை. தரையைப் பார்த்த முகங்களை எண்ணினால் ஒரு நாளும் பாட்டில் போடாதவர்கள் மூன்று பேர் இருந்திருக்கலாம்.

அப்புறம்தான் கூட்டம் ஆரம்பித்தது. டிரைவிங் மாஸ்டர் துண்டுத்தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு எழுந்தார். "குழாயை மூடுங்க. ஆனா என் முழங்காலை வச்சுக்கிட்டு நான் எப்படிக் குப்பையைத் தூக்கிட்டு இறங்குவேன்? லிப்ட் நாலு நாளைக்கு ஒரு தடவை நிக்குது. பதில் சொல்லுங்க" என்றார். நியாயமான கேள்வி. முதல் நாள்தான் அதைத் தனிப்பட்ட சிரமம் என்று இஸ்திரி போட்டு வைத்திருந்தோம். குப்பை லிப்டில் நாறும் என்று ஒருத்தர் கத்தினார். குழாயில் நாறினால் பரவாயில்லையா என்று மூன்றாம் மாடிப் பெண் திருப்பிக் கத்தினாள். பிரித்துக் கொடுத்தாலும் நகராட்சி லாரியில் எல்லாவற்றையும் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள் என்று ஒருவர் கேட்க, அதிகாரியம்மாளுக்கு வியர்த்தது. இரண்டு லாரி வரும், மூன்றாவது இன்னும் வரவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதால் அதற்கப்புறம் அவர் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார்கள்.

கீழ்ரூம் அம்மாவுக்கு யாரோ நாற்காலி போட்டார்கள். மாடி ஏறி வந்து வாங்கிக்கொள்வீர்களா என்று கேட்டதற்கு, "மாட்டேன். எட்டு மாடி ஏற என்னாலயும் முடியாது. நீங்க இறங்குங்க. மாஸ்டருக்கு முடியலைன்னா பக்கத்து வீட்டுக்காரங்க கொண்டுவரட்டும். கண்ணாடியை மட்டும் தனியாக் குடுங்க" என்றார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நாங்கள் பதினோரு வருடம் பேசியிருக்கிறோம்.

மூன்று மணி நேரம் நடந்தது. கத்தினோம். ஆனால் ஒருவர் கத்தி முடித்த பிறகு மற்றவர் கத்தினோம். அதுவே எங்களுக்குப் புதிது. வீட்டுக்கு ஒரு ஓட்டு. மூடலாம் என்று பத்தொன்பது, வேண்டாம் என்று ஒன்பது, முடிவு சொல்லாதவர்கள் இரண்டு, வராதவர்கள் இரண்டு. ஏகமனதெல்லாம் இல்லை. அதிகாரியம்மாள் கைப்பையை மாட்டிக்கொண்டு, "இதை முன்மாதிரின்னு நான் எப்படி எழுதுறது?" என்று பல் டாக்டரிடம் கேட்டார். "எழுதுறதுக்கு எங்ககிட்ட ஆள் இருந்தாரு. இன்னிக்கு அவரும் கெட்டுட்டாரு" என்றார் அவர்.

அடுத்த வாரம் வெல்டர் வந்து எட்டு மூடிகளையும் அடைத்தார். மாஸ்டர் வீட்டுக் குப்பையை, மூட வேண்டாம் என்று ஓட்டுப் போட்ட ஏழாம் மாடிக்காரர்தான் முணுமுணுத்துக்கொண்டே கீழே எடுத்துப் போகிறார். இவர் புது நோட்டு ஒன்று வாங்கினார். அந்த ஒரு கூட்டத்துக்கு நாற்பத்தொரு பக்கம் எழுதினார், அடித்தல் திருத்தலோடு.

அடுத்த கூட்டத்தில் அதைப் படித்தார். அவரவர் பேசியதை அவரவர் கேட்டு நெளிந்தார்கள். என் இடம் வந்தது. குரலை ஏற்றவுமில்லை, இறக்கவுமில்லை. "எட்டாம் மாடி உறுப்பினர்: உங்க தோள்ல விழுந்த பாட்டில்கூட நான் போட்டதா இருக்கும். உறுப்பினர் அழுதார். பணியாளர்: மொதல்ல வந்ததாம்மா, ரெண்டாவதா வந்ததா? பதில் இல்லை."

"திருத்தம் ஏதாவது உண்டா?" என்று பல் டாக்டர் கேட்டார். இந்த முறை நிஜமாகவே காத்திருந்தார். என் வீட்டுக்காரர் பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் எடுத்துவிடுவார் என்று தெரியும். லிப்ட் பக்கம் நாற்காலியில் கீழ்ரூம் அம்மா உட்கார்ந்திருந்தார்.

"இல்லை" என்றேன்.